இதுபோல் இன்னொன்று

'மோனோனோகே' தொடரைப் பார்த்து முடித்தவர்கள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இதுபோல் இன்னொன்று உண்டா? துப்பறிவாளர் வேண்டும், அமானுஷ்யம் வேண்டும், அவிழ்க்க ஒரு மர்மமும் வேண்டும். நாமும் அவ்வாறு தேடியவர்கள்தாம். ஒரு பேய், ஒரு பிணம், கூர்மதி கொண்ட ஓர் இளைஞன் ஆகிய மூன்றும் இருந்தால் போதும், ஓர் அனிமே பட்டியலில் இடம்பெற்றுவிடுகிறது. அப்பட்டியல்களை நம்பி அமர்ந்து, மூன்றாம் பகுதியிலேயே சலித்து எழுந்த அனுபவம் நமக்கு உண்டு. குறை அத்தொடர்களில் இல்லை. ஒப்புமையை நாம் தேடிய இடத்தில் இருந்தது.

துப்பறியும் கதையும் பேய்க்கதையும் இயல்பிலேயே பகை கொண்டவை. துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை 1929இல் வகுத்த ரொனால்டு நாக்ஸ், இரண்டாம் கட்டளையிலேயே அமானுஷ்யத்தை விலக்கினார். இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கப் பாதிரியார். காரணம் எளிது. பூட்டிய கதவை ஊடுருவிச் செல்ல ஒரு பேயால் இயலுமெனில், பூட்டிய அறைக்குள் நிகழ்ந்த கொலையில் வியக்க ஒன்றுமில்லை, வாசகன் ஏமாற்றப்படுகிறான். ஜப்பானின் புகழ்பெற்ற சிறுவர் துப்பறிவாளன் எதொகாவா கோனன் வாழ்வது இந்தச் சட்டத்தின் கீழ்தான். 1996இல் தொலைக்காட்சிக்கு வந்த அத்தொடரில் பேய், சாபம் என்று எத்தனை வதந்திகள் எழுந்தாலும் முடிவில் மனிதக் கை ஒன்று வெளிப்படும்.

ஆயினும் அமானுஷ்யத்தை ஆராய்வதில் ஜப்பானுக்கு வேறொரு மரபும் உண்டு. மெய்ஜி காலத் தத்துவ அறிஞர் இனோவே என்ரியோ, நாடு முழுவதும் சென்று பேய்க் கதைகளைத் திரட்டி, பகுத்தறிவால் அவற்றைக் கலைக்க முயன்றவர். 'பேய் முனைவர்' என்றே மக்கள் அவரை அழைத்தனர். அவருக்கு எதிர்த்திசையில் நின்றவர் யனகிதா குனியோ. 1910இல் வெளிவந்த 'தோனோ மோனோகதாரி'யில், வடகிழக்கு ஜப்பானின் தோனோ வட்டாரக் கதைகளை, கேட்டவற்றைக் கேட்டவாறே பதிவு செய்தார். பேய் உண்டா என்பது முன்னவரின் வினா. பேயைப் பற்றி மக்கள் என்ன சொல்கிறார்கள் என்பது பின்னவரின் வினா. இவ்வகை அனிமேக்களில் நாம் பிரித்தறிய வேண்டியது இந்த வினாக்களையே என்று கருதுகிறோம்.

ஓனோ ஃபுயுமியின் நாவல்களிலிருந்து உருவான 'கோஸ்ட் ஹன்ட்' (2006-07, 25 பகுதிகள்) என்ரியோவின் வழியில் தொடங்குகிறது. ஷிபுயா என்னும் இளைஞன் ஒளிப்பதிவுக் கருவிகள், ஒலிவாங்கிகள், வெப்பமானிகள் சகிதம் வருகிறான். பூசாரிகளும் துறவியரும் மந்திரம் ஓதிக்கொண்டிருக்க, பழைய பள்ளிக் கட்டடத்தின் அடிமண் இறங்கிக்கொண்டிருப்பதை அவன் அளந்து காட்டுகிறான். ஆனால் எல்லாவற்றையும் மண்ணால் விளக்கிவிட முடிவதில்லை என்பதில்தான் தொடரின் சுவை இருக்கிறது.

'மோரியோ நோ ஹாகோ' (2008, 13 பகுதிகள்) இன்னும் ஆழமானது. கியோகோகு நாட்சுஹிகோ 1995இல் எழுதிய தடித்த நாவல் இதன் மூலம். 1952ஆம் ஆண்டின் ஜப்பான். போரின் வடு ஆறாத மக்கள். பெட்டிகளுக்குள் கண்டெடுக்கப்படும் துண்டான உடல்கள். துப்புத் துலக்குபவர் பழைய புத்தகக் கடைக்காரர், கூடவே ஷின்டோ பூசாரி. பேய் என ஒன்று இருப்பதாக அவர் ஏற்பதில்லை, ஆயினும் பேயோட்டுகிறார். மனத்தைப் பிடித்திருக்கும் ஒன்றிற்குப் பெயரும் வரலாறும் சொல்லிப் பிரித்துக் காட்டினால் அது விலகும் என்பது அவர் முறை. இங்கே விளக்கமே மந்திரமாகிறது. அவருடைய நீண்ட சொற்பொழிவுகளைப் பொறுத்துக்கொள்ளாதவர்க்கு இத்தொடர் உகந்ததன்று.

'கியோகோ சுய்ரி' (2020) இதைத் தலைகீழாக்குகிறது. இதில் பேய்கள் மெய். இவானாகா என்னும் பெண் அவற்றுக்கும் மனிதர்க்கும் இடையே நடுவராக நிற்பவள். இரும்பு உத்தரங்கள் விழுந்து இறந்த ஒரு நடிகையின் ஆவி என இணையத்தில் பரவும் கட்டுக்கதை, மக்களின் கற்பனையாலேயே உருப்பெற்று உலவுகிறது. அதை ஒழிக்க அவள் உண்மையைச் சொல்வதில்லை. அறிவுக்குப் பொருந்தும் நான்கு பொய் விளக்கங்களைப் புனைந்து கூட்டத்தை நம்பவைக்க முனைகிறாள். பேச்சு மிகுதி என்பது உண்மைதான். ஆனால் பகுத்தறிவின் தோற்றம் கொண்டதெல்லாம் உண்மையாகாது என்பதை இவ்வளவு துணிவாகச் சொன்ன துப்பறியும் தொடர் வேறொன்றை நாம் பார்த்ததில்லை.

இனி 'மோனோனோகே'. நாகாமுரா கெஞ்சியின் இயக்கத்தில் 2007இல் வந்தது. ஐந்து கதைகள், 12 பகுதிகள். பெயரற்ற மருந்து விற்பவன் ஒருவன்; கையில் உறைக்குள் இருக்கும் வாள். மூன்றை அறியாமல் அதை உருவ இயலாது: வந்திருக்கும் ஆவியின் வடிவம், நிகழ்ந்ததன் உண்மை, அதற்குள் இருந்த மனத்தின் காரணம். இந்த நிபந்தனைதான் நாக்ஸுக்கான விடை. பேய்க்கும் ஒரு சட்டம் இருக்குமானால் வாசகன் ஏமாற்றப்படுவதில்லை. பேய் வருவதால் விசாரணை முடிவதில்லை, தொடங்குகிறது.

அந்த விசாரணை எங்கே கொண்டு செல்கிறது என்பதே நமக்கு முக்கியம். முதற்கதையில், கருவுற்ற பெண் ஒருத்தி மழையிரவில் விடுதியொன்றில் அடைக்கலம் தேடுகிறாள். கொடுக்கப்பட்ட அறையில் குழந்தைகளின் குரல்கள். விடுதி முன்பு பரத்தையர் இல்லமாக இருந்தது. அங்கே பெண்களின் கருக்கள் வற்புறுத்திக் கலைக்கப்பட்டன. அக்குழந்தைகள் பிறக்க விரும்புகின்றன. யனகிதாவின் நூலில் வீட்டுக்கு வளம் சேர்க்கும் 'ஜாஷிகி வராஷி' என்னும் குழந்தை ஆவி, இங்கே ஒரு வீட்டின் வளம் எதிலிருந்து வந்தது என்று கேட்கும் ஆவியாகிறது. இறுதிக் கதையில், புதிதாகத் திறக்கப்பட்ட சுரங்க ரயிலின் பெட்டி ஒன்றில் சிலர் சிக்கிக்கொள்கிறார்கள். பெண் பத்திரிகையாளர் ஒருவரின் மரணம் தற்கொலை என மூடப்பட்டதில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் சிறு பங்கு உண்டு. ஒருவர் கண்டதை மிகைப்படுத்தினார். ஒருவர் கண்டும் பேசவில்லை. அவ்வழக்கை மூடிய காவல்துறைத் துப்பறிவாளரும் அவர்களுள் ஒருவர்.

இங்குதான் பேயின் தேவை நமக்கு விளங்குகிறது. வழக்கமான துப்பறியும் கதையில் பிணம் ஒரு தொடக்கப்புள்ளி மட்டுமே. குற்றவாளி பிடிபட்டதும் இறந்தவரை எவரும் நினைப்பதில்லை. விசாரிக்க வேண்டியவர்களே குற்றத்தில் பங்காளிகளாகும்போது, இறந்தவர் தாமே வந்து சாட்சி சொல்வதன்றி வேறு வழியில்லை. மருந்து விற்பவன் செய்வது தண்டிப்பதன்று, கேட்பது. செய்தவர் யார் என்பதோடு அவன் நிற்பதில்லை. இது ஏன் இன்னும் போகாமல் நிற்கிறது என்றும் கேட்கிறான்.

ஆகவே 'இதுபோல் இன்னொன்று' தேடுவோருக்கு நாம் சொல்ல விரும்புவது இது. பேய் இருக்கிறதா, துப்பறிவாளர் இருக்கிறாரா என்று பார்க்காதீர்கள். முடிச்சு அவிழ்ந்தபின் இறந்தவருக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். விளக்கம் தரும் நிறைவு போதுமெனில் 'கோஸ்ட் ஹன்ட்' ஏமாற்றாது. விளக்கத்தின் மீதே ஐயம் எழ வேண்டுமெனில் 'கியோகோ சுய்ரி'. துக்கமும் சேர்ந்து வேண்டுமெனில் 'மோரியோ நோ ஹாகோ'. அதன்பின் 'மோனோனோகே'யையே இரண்டாம் முறை பாருங்கள். முதல்முறை வண்ணங்களில் மயங்கி நாம் கேட்கத் தவறிய குரல்கள் அதில் இன்னும் இருக்கின்றன.