நாற்றமல்ல நண்பா, வேதியியல்!



"தோல் ஷாப்பா? ஐயோ, நாத்தம்!" என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் நம் வகுப்பிலும் உண்டு. உக்கடத்தில் ஆட்டுத்தோலுக்கு உப்புப் போடுகிறவரின் மகன் நான். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள். அந்த உரிமையில் சொல்கிறேனுங்க: அந்த நாற்றத்துக்குள்ளே நாம் பரீட்சைக்குப் படிக்கும் வேதியியலே இருக்கிறது.

தோலின் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று இழைகள் கயிறு திரித்ததுபோல் ஒன்றையொன்று சுற்றி நிற்கும். இந்த அமைப்பை 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான்!

பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டால் நீர் வெளியேறும், அழுகுவது தள்ளிப்போகும். அவ்வளவுதான். உப்பு தள்ளிப்போடும், கட்டிப்போடாது. கட்டிப்போடுவது பதனிடுதல். ஆவாரம்பட்டை, கடுக்காய்ச் சாற்றிலுள்ள டானின் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். குரோமிய உப்போ புரதத்தின் அமிலத் தொகுதிகளைப் பற்றி, இந்த இழைக்கும் அந்த இழைக்கும் பாலம் போடும். இதுதான் குறுக்குப் பிணைப்பு. பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கிவிடும். பட்டைத் தோல் 80 டிகிரி வாக்கில் தாங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிக்கும் நீரையே தாங்கும்! ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுச் சுருங்குதா என்று பார்க்கிறார்களே, அது பரிசோதனை இல்லாமல் வேறென்ன?

இதே தத்துவத்தில்தான் பன்றியின் இதய வால்வை குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தி மனிதருக்குப் பொருத்துகிறார்கள். பல புரதங்கள் கூடி வேலை செய்யும் தொகுப்புகளை, ஆய்வின்போது பிரிந்து போகாதபடி அதே ரசாயனத்தால் கட்டிவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். கண்ணாடிக் குடுவையில் செய்தால் விஞ்ஞானி, தொட்டியில் இறங்கிச் செய்தால் கீழ்ச்சாதியா? என்ன நியாயமுங்க இது?

மறுபக்கமும் உண்டு. தோல் ஆலைக் கழிவு பாலாற்றங்கரை நிலத்தையும் நீரையும் கெடுத்தது. 1996-இல் உச்சநீதிமன்றமே கண்டித்துத் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பழியைத் தொட்டியில் நின்று கால் வெந்துபோனவன் தலையில் போடுவது தகாது. கழிவைச் சுத்தம் செய்யவும், குரோமியத்தைத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. சென்னையில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அங்கே தெரிந்தது தொட்டிவரை வந்து சேர வேண்டும். கொண்டு சேர்க்க டிப்ளமோ படித்த நாம் இருக்கிறோமே!

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் கருத்து இது: அடுத்த தொழிற்சாலைப் பயணம் ஈரோட்டுத் தோல் ஷாப்புக்குப் போகட்டும். மூக்கைப் பொத்தாமல் உள்ளே போவோம். "ஏனுங்கண்ணா, இதை இத்தனை நாள் ஊறவைக்கிறீங்க?" என்று கேட்போம். அவர் கைப்பழக்கத்தைச் சொல்லட்டும். நாம் காரணத்தைச் சொல்வோம். இரண்டும் சேர்ந்தால்தான் நண்பர்களே, அது கல்வி!