தாதியர் செய்முறைப் பரீட்சை: தடுமாறுவது கைகளா?

இலண்டனைத் தலைமையகமாகக் கொண்ட தாதியர், மருத்துவமாதர் பேரவை, வெளிநாட்டில் பயின்ற தாதியருக்கென 2014இல் கொண்டுவந்த செய்முறைப் பரீட்சையே 'ஒஸ்கி'. 2021 முதல் அது 10 நிலையங்களைக் கொண்டது.

யாழ்ப்பாணத்திலும் வேலூரிலும் ஆண்டுக்கணக்கில் ஊசி ஏற்றிய கைகள் இங்கே தடுமாறுவது திறமைக் குறைவால் அன்று. கை கழுவுதல், நோயாளியின் பெயரையும் பிறந்த திகதியையும் உறுதிசெய்தல், சம்மதம் பெறுதல், ஒவ்வாமை உண்டா எனக் கேட்டல் அனைத்தையும் பரீட்சகர் காணவும் கேட்கவும் வேண்டும், மணிக்கூடோ நிற்காது. மௌனமாகச் செய்து பழகியவர்க்கு, பொம்மையிடம் வாய்விட்டுப் பேசுவதே பெருஞ்சுவர்.

கேட்கத் தவறிய ஒவ்வாமைக் கேள்வி உயிரையே பறிக்கக்கூடும். எனவே கடுமை நியாயமே. ஆனால் மூன்று முறை தவறியவர் ஆறு மாதங்கள் காத்திருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேலையும் விசாவும் இதனையே நம்பியிருக்க, இரவுப்பணி முடிந்த களைப்பில் தனியே பயிலுமாறு அவரை விடுவது முறையன்று. அழைத்துவரும் வைத்தியசாலைகளே பணிநேரத்தில் பயிற்சியளிக்க வேண்டும்.