எட்டில் ஒன்று விட்டுப்போனால்...

ஒரு சர்வரில் அப்டேட் போடுவது சின்ன வேலை. அதையே ஆயிரம் சர்வரில் போடச் சொன்னால்? "ஆன்சிபிள், பப்பெட் எல்லாம் எதுக்கு இருக்கு? ஒரு கமாண்ட் கொடுத்தா முடிஞ்சுது" என்பார்கள். கமாண்ட் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. அது எல்லா இடத்துக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் பாதி வேலை.

அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரிய அளவில் வர்த்தகம் செய்துவந்த நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஜூலை கடைசியில் தன் 8 சர்வர்களில் புது மென்பொருளை ஏற்றியது. ஏற்றியவர் ஒரு சர்வரை விட்டுவிட்டார். அந்த ஒன்றில், 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ஒரு பழைய நிரல் அப்படியே இருந்தது. அதை இயக்கிவந்த பழைய ஸ்விட்சைத்தான் புது மென்பொருள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் அந்தப் பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்!

நடுவில் இன்னொரு கூத்து. புது மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் அதை நீக்கிவிட்டார்கள். ஒன்று செய்த வேலையை எட்டும் செய்ய ஆரம்பித்தன.

சரி, எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டால்? அதையும் உலகம் பார்த்துவிட்டது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்துவிட்டன. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் படுத்த கணினி எழுந்தால்தானே திருத்தத்தை வாங்கும்? பல இடங்களில் ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பயந்துகொண்டு தள்ளிப்போடவும் முடியாது. வானாக்ரை நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லேயே பேட்ச் கொடுத்துவிட்டது. தாக்குதல் வந்தது மே 12-ல். இரண்டு மாதமாகப் பேட்ச் போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

ஆக, வழி ஒன்றுதான். முதலில் நாலைந்து சர்வர், கொஞ்சம் காத்திருந்து அடுத்த தொகுதி, கடைசியில் எதில் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று ஒரு கணக்கெடுப்பு. ஆன்சிபிளில் 'சீரியல்' என்று ஒரு வரி சேர்த்தால் தொகுதி தொகுதியாகப் போகும். கருவிக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் நேரத்துக்குத்தான். "ஒரே ராத்திரியில முடிங்க, ஒரு ஆள் போதும்" என்கிற மேலாளரிடம் எந்தக் கருவியும் பலிக்காது.

நைட் கேப்பிட்டல் கதையைச் சொல்பவர்கள் அந்த ஒரு சர்வரை மறந்தவரைத்தான் திட்டுகிறார்கள். இது நியாயமில்லை. மனிதன் என்றால் மறப்பான். அவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற விதியே அந்த நிறுவனத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. 2013-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் போட்டதும் நிறுவனத்துக்குத்தான். இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கும் சம்பளம் அதைவிட ரொம்பக் குறைவு!