போனுக்கு வரும் பாடம் பிள்ளைக்கு வருகிறதா?

மழைக்கோ புயலுக்கோ பள்ளி விடுமுறை என்றால், ‘பாடம் வாட்ஸ்அப்பில் வரும்’ என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பாடம் வருகிறது. யார் கையில் இருக்கும் போனுக்கு வருகிறது என்பதுதான் நம் கேள்வி. நம் தெருவில் பல வீடுகளில் இருப்பது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போன். விடியற்காலையிலேயே அது அப்பாவோடு கட்டட வேலைக்கோ கரும்பு வெட்டுக்கோ போய்விடும். இரவு திரும்பும்போது சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தால் டேட்டா தீர்ந்திருக்கும். அண்ணனுக்கும் தங்கைக்கும் பாடம் என்றால் போன் அண்ணன் கைக்குத்தான் முதலில் போகும். இதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கொரோனா காலத்தை அரசு மறந்திருக்கலாம், நாம் மறக்கவில்லை. 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. இடையில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது, குறை சொல்வதற்கில்லை. ஆனால், புரியவில்லை என்று கை தூக்கும் பிள்ளைக்காகத் தொலைக்காட்சி நிற்காது. ஆதி திராவிடர் நல விடுதிகளும் மூடப்பட்டன. படிக்க ஒரு மூலையும் மூன்று வேளைச் சோறும் விடுதியில்தான் என்றிருந்த பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, அப்படியே வேலைக்கும் போனார்கள். கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று இணையவழி வகுப்பு தொடங்கியது. அன்றே மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வீட்டுத் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது.

இதனால் இணையவழிக் கல்வியே வேண்டாம் என்கிறோமா? இல்லை. வீடியோப் பாடத்தைப் பத்து முறை திருப்பிப் பார்க்கலாம். ‘உனக்கெல்லாம் எதுக்குடா இது’ என்று அது முகம் சுளிக்காது. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைக்கு, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி காசில்லாமல் கிடைக்கிறது. பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடும் அப்படித்தான். வகுப்பில் கடைசி பெஞ்சு நம் பிள்ளைக்கு என்று எழுதாத சட்டம் இருக்கும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல.

நம் அச்சம் வேறு. ஆதி திராவிடர் நலத்துறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. அங்கே ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடந்தால் ‘ஸ்மார்ட் போர்டு இருக்கிறதே’ என்று பதில் வரும் நாள் தூரத்தில் இல்லை. இயற்பியலுக்கு வீடியோ துணையாகலாம், வாத்தியார் ஆகாது. ஊர்ப்பள்ளிக்கு ஆசிரியரும் சேரிப்பள்ளிக்குத் திரையும் என்றால், இரட்டைக் குவளை கண்ணாடித் திரையாக மாறிவிட்டது என்றுதான் பொருள்.

2021 அக்டோபரில் பக்கத்து மரக்காணம் பகுதியில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி இதற்குப் பரவாயில்லை. ஆள் நேரில் வந்தார். மையம் நம் தெருவிலேயே, தன்னார்வலர் நம் வீட்டுப் பெண்ணாகவே இருந்த இடங்களில் பிள்ளைகள் கூடினார்கள். மையம் ஊர்த்தெருத் திண்ணையில் என்றால் எத்தனை பேர் படியேற முடியும்? (‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-ல் அறிவித்தார்கள். ஊர் வாயிலிருந்து அது இன்னும் இறங்கவில்லை.)

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கியவர். தங்க இடமும் சோறும் இல்லாமல் நம் பிள்ளை படிக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்தப் பட்டியலில் இணையமும் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எனவே ஒவ்வொரு நல விடுதியிலும் வைஃபை வேண்டும். நூலகப் புத்தகம் போல எடுத்துப் போய்த் திருப்பித் தரும் டேப்லெட் வேண்டும். பழுதானால் பார்க்க ஆள் வேண்டும். பணத்துக்கு வழி கேட்பார்கள். ஆதி திராவிடர், பழங்குடியினர் துணைத் திட்ட நிதியை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது என்பதற்காகவே 2024-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. இந்த ஆண்டு அந்த நிதியில் நம் மாவட்ட விடுதிகளுக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்பதை ஆட்சியர் ஒவ்வொரு விடுதி வாசலிலும் எழுதி ஒட்டட்டும். ஆசிரியர் காலிப் பணியிடக் கணக்கையும் அதன் பக்கத்திலேயே ஒட்டட்டும்.