சொல்லின் வேரும் இனத்தின் வீரமும்

ஒரு சொல்லின் வேரைத் தோண்டினால் அதைப் பேசும் மக்களின் இயல்பே கிடைத்துவிடும் என்னும் நம்பிக்கை மொழித்துறைக் கருத்தரங்குகளில் இன்னும் கைதட்டல் பெறுகிறது. டச்சு மொழியில் துணிச்சலுக்கு ‘லெஃப்’ என்று ஒரு சொல் உண்டு. அதன் மூலப்பொருள் இதயம். ஆகவே அம்மக்களின் துணிவு இதயத்தில் பிறந்தது என்று முடிவுகட்ட இம்முறையில் தடையேதும் இல்லை. ஆனால் அச்சொல் அவர்களுடையதே அன்று. எபிரேயத்தில் இதயத்தைக் குறித்த ‘லேவ்’, யூதர்களின் இத்திஷ் மொழி வழியாக நெதர்லாந்தின் பேச்சு வழக்கில் நுழைந்தது. அவர்களுடைய பழஞ்சொல் ‘மூட்’. மனநிலையைக் குறிக்கும் ஆங்கில ‘மூட்’ அதன் உடன்பிறப்பு. கோதிக் மொழியிலோ அதன் இணைச்சொல் சினத்தைக் குறித்தது. இவற்றுள் எது டச்சு இயல்பு: இதயமா, மனமா, சினமா?

கொல்கத்தாவில் இம்முறை இன்னும் மோசமாக இடறும். வங்காளத்தில் துணிவுக்கு வழங்கும் சொல், தமிழில் ‘சாகசம்’ என வழங்கும் அதே வடசொல். தர்மசாத்திரங்களில் அது வன்முறைக் குற்றத்தின் பெயர். மனுஸ்மிருதி அதை வழக்கு வகைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. வில்லியம் ஜோன்ஸின் மனு மொழிபெயர்ப்பு 1794இல் அச்சானதும் அதே நகரில்தான். வேர்ப்பொருளே விதியென்றால் வங்காளியரின் வீரம் வழிப்பறியாகிவிடும். அதை எந்த மேடையும் சொல்லாது. வேர், பெருமை தரும்போது மட்டுமே தோண்டப்படுகிறது.

அந்நகரின் ஆசியக் கழகத்தில் 1786இல் ஜோன்ஸ் ஆற்றிய உரை இன்றும் பாடமாக உள்ளது. மொழியுறவுக்கு அவர் காட்டிய சான்று வினைவேர்களிலும் இலக்கண வடிவங்களிலும் காணும் ஒப்புமை. தனிச்சொற்களின் ஒலிச்சாயல் அன்று. (பின்னாளில் இனங்களை உறவுபடுத்தப் புகுந்து அவரே வழுக்கினார் என்பது வேறு கதை.) 2024இல் வங்காளமும் செம்மொழித் தகுதி பெற்றுவிட்ட நிலையில், தொன்மைப் போட்டிக்கு இத்தகைய வேர்ச்சொல் வித்தைகள் மலிவான தீனியாகும் ஆபத்து மிகுந்துள்ளது.

தமிழ்த்துறைகளும் இதற்கு விலக்கல்ல. ‘தைரியம்’ வடசொல், ‘துணிவு’ தமிழ்ச்சொல் என்பது சரியான செய்தி. அதிலிருந்து தமிழரின் வீரத்திற்குச் சான்று கறப்பது ஆய்வன்று. ‘துணி’ என்னும் வினைக்கு அறுபடுதல், முடிவுசெய்தல், அஞ்சாது செயற்படுதல் ஆகிய பொருள்கள் உண்டு. அறுத்தலிலிருந்து முடிவுக்குப் பொருள் நகர்வது இலத்தீனிலும் நிகழ்ந்திருக்கிறது. ஆங்கில ‘டிசைட்’ அவ்வாறு வந்ததே. எந்த நூலில், எந்தத் தொடரில், எந்தக் காலத்தில் அப்பொருள் நகர்ந்தது என்று காட்டாத சொற்பிறப்பு இயலை நெறியாளர்கள் திருப்பியனுப்பட்டும்.