முதல் மோட்டார் சைக்கிள் சிறியதாக இருக்கட்டும்

கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவர் கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவரது தமக்கையின் மகன் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டானாம். அதற்குப் பரிசாக அவன் மாமனிடம் கேட்டிருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். "அண்ணை, காசு பிரச்சினையில்லை. 200 சீசிக்குக் குறைஞ்சு வேண்டாம் எண்டு நிக்கிறான். எதை எடுத்துக் குடுக்கலாம்?" என்று கேட்டார். பெடியன் இதுவரை சைக்கிள் மாத்திரமே ஓடியிருக்கிறான் என்பதையும் அவரே சொன்னார்.

இதே கேள்வி லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் உள்ள பல மாமன்மாரையும் சித்தப்பாமாரையும் தேடிச் சென்றுகொண்டிருக்கும் என்பதால், அவருக்குக் கூறிய பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகின்றேன்.

பத்திரிகை ஆசிரியபீடத்தில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு வகைச் செய்தி நன்கு பழக்கமானது. மோட்டார் சைக்கிள் வேகக் கட்டுப்பாட்டை இழந்து மின்கம்பத்துடன் மோதியது. இளைஞர் ஸ்தலத்திலேயே பலி. சடலம் பிரேத பரிசோதனைக்காக வைத்தியசாலையில் ஒப்படைப்பு. ஐந்து வரிகளில் முடிந்துவிடும் செய்தி அது. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர், குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பி வளர்ந்த பிள்ளைகளின் பெயர்களை அந்த ஐந்து வரிகளுக்குள் வாசிக்க நேர்ந்தபோது மனம் கனத்தது. இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. ஆண்டுதோறும் வீதி விபத்துகளில் 2,000இற்கும் அதிகமானோர் இந்நாட்டில் உயிரிழக்கின்றனர்.

எனது கருத்து இதுதான். முதன்முதலில் ஓடப் பழகுபவருக்கு 100 அல்லது 125 சீசிக்கு மேற்பட்ட இயந்திரம் தேவையில்லை. அதுவும் பாவித்த மோட்டார் சைக்கிளாக இருந்தால் இன்னும் நல்லது. பழகும் காலத்தில் அது இரண்டொரு முறை கீழே விழத்தான் போகின்றது.

இதைக் கிழவனின் பயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்ற ஆய்வாளரின் தலைமையில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நேரடியாக ஆராயப்பட்டு, 1981இல் அறிக்கை வெளியானது. விபத்தில் சிக்கியவர்களில் 92 வீதமானோர் முறையான பயிற்சி எதுவுமின்றித் தாமாகவோ உறவினர், நண்பர்களிடமிருந்தோ ஓடப் பழகியவர்கள். அரைவாசிக்கும் அதிகமானோருக்குத் தாம் ஓடிய அந்த மோட்டார் சைக்கிளில் ஐந்து மாத அனுபவம் கூட இருக்கவில்லை. ஆபத்து நேர்ந்த கணத்தில் பலர் பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தனர். முன் பிரேக்கைப் போதியளவு பிடிக்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிளை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிரேக்கிலேயே உள்ளது. பதற்றத்தில் கையும் காலும் சரியாக இயங்குவதற்குப் பழக்கம் வேண்டும். சில மாதங்கள் ஓடித்தான் அந்தப் பழக்கம் வரும்.

வேகத்தின் கணக்கும் இரக்கமற்றது. வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்பதற்குத் தேவையான தூரம் நான்கு மடங்காகின்றது. மணிக்கு 60 கிலோமீற்றரில் செல்பவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி எடுத்தால், அதற்குள்ளேயே ஏறத்தாழ 17 மீற்றர் சென்றுவிடுவார். கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையே இரவில் ஏ-9 வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகள் அந்த ஒரு விநாடியைத் தருவதில்லை. குண்டும் குழியுமாகக் கிடந்த காலத்தில் அந்த வீதியே வேகத்தைக் கட்டுப்படுத்தியது. இன்று அந்தக் காப்பு இல்லை.

சிறிய இயந்திரம் குறித்து எமது மக்களுக்கு வெட்கம் எதற்கு? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் யாழ்ப்பாணம் முழுவதும் ஓடித் திரிந்தவை ஹொண்டா 90 போன்ற சிறிய மோட்டார் சைக்கிள்களே. ஆசிரியரும் வைத்தியரும் அதில்தான் சென்றனர். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. அப்போதும் தாக்குப்பிடித்தவர்கள் சிறிய இயந்திரம் வைத்திருந்தவர்களே.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தனியே தள்ளித் திருப்ப முடிகின்றதா என்று பார்க்க வேண்டும். முன் சில்லுக்கு டிஸ்க் பிரேக்கும், பணம் இடங்கொடுத்தால் சில்லு இறுகிச் சறுக்குவதைத் தடுக்கும் ஏபிஎஸ் வசதியும் இருப்பது நல்லது. பாவித்ததை வாங்குவோர் ரயரையும் செயினையும் பார்ப்பதோடு, எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்துடன் ஒத்துப்போகின்றனவா என்பதையும் பார்த்து, உடனேயே பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும்.

"ஒரு வருஷத்தில் பெரிசு கேட்பான். இரண்டு செலவல்லவா?" என்பார்கள். நல்ல நிலையிலுள்ள சிறிய மோட்டார் சைக்கிள் எமது நாட்டில் எளிதில் விலைபோகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றவர்களும் உண்டு. ஒரு வருடம் விபத்தின்றி ஓடியவன் பெரியதைக் கேட்டால் அப்போது யோசிக்கலாம்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது முகத்தையும் தாடையையும் மூடும் தரமான தலைக்கவசம். தலைக்கவசம் மரண ஆபத்தை ஏறத்தாழ 42 வீதத்தாலும் தலைக்காய ஆபத்தை 69 வீதத்தாலும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு ஒன்று காட்டியது. பொலிஸாருக்குக் காட்டுவதற்காகத் தலையில் வைத்து, நாடாவைப் பூட்டாமல் செல்வதால் பயனில்லை. பின்னால் இருப்பவருக்கும் ஒன்று வேண்டும். அடுத்தது பயிற்சி. சாரதி அனுமதிப்பத்திரம் கையில் கிடைத்ததும் பழக்கம் முடிந்துவிட்டதாக எண்ணக்கூடாது. வெறுமையான மைதானத்தில் முன் பிரேக்கைப் பிடித்துப் பழக ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டும்.

புலம்பெயர்ந்த உறவுகள் பனியிலும் இரவு வேலையிலும் உழைத்து அனுப்பும் பணம் அது. அன்பினால் அனுப்புகின்றீர்கள். ஊரில் பிள்ளை ஓடும் வீதி உங்கள் கண்முன்னால் இல்லை. அவனது தாய் ஒவ்வொரு மாலையும் படலையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றாள். பணம் அனுப்புமுன் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெடியன் கோவிப்பானே அண்ணை" என்றார். கோபிக்கட்டும், ஆறு மாதத்தில் ஆறிவிடும் என்று சொன்னேன். 125 சீசி ஒன்றைப் பார்க்கச் சொல்லித் தமக்கைக்குத் தகவல் அனுப்பியிருப்பதாக நேற்று அறிவித்தார். தலைக்கவசத்தை அவரே வாங்கி அனுப்புகின்றாராம்.