புனேயின் நான்கு கால்பந்து கிளப்புகள் எங்கே?

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலேவாடிக்கு பஸ் ஏறிப் போய்ப் பந்தாட்டம் பார்த்த கட்கி, தாபோடித் தமிழன்பர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். 2014-15 பருவத்தில் இந்த ஒரே ஊரில் மூன்று பெரிய கிளப்புகள் இருந்தன. ஐ லீகில் புனே எப்.சி.யும் பாரத் எப்.சி.யும், அப்போது புதிதாக முளைத்த இந்தியன் சூப்பர் லீகில் எப்.சி. புனே சிட்டி. அடுத்த பருவத்தில் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸும் ஐ லீகில் சேர்ந்தது. 2019 முடிவதற்குள் இந்த நான்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2012-13ல் ஐ லீகில் இரண்டாம் இடம் பிடித்த புனே எப்.சி.யும் அதில் அடக்கம்.

ஆட்டம் மோசமாகிப் போனதால் இவை மறையவில்லை. லீக் மாறியது, பணமும் அதன் பின்னே போயிற்று.

2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் கம்பெனியுடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பயனாக 2014ல் சூப்பர் லீக் வந்தது. டெலிவிஷன், விளம்பரம், சினிமா நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் பக்கமே சென்றன. பழைய ஐ லீக் கிளப்புகளுக்கு எஞ்சியது செலவுதான். டிக்கெட் வசூலை நம்பி இந்த நாட்டில் எந்தக் கால்பந்து கிளப்பும் சம்பளம் கொடுத்துவிட முடியாது. முதலாளி கையைக் கடித்ததும் கிளப் மூடப்படுகிறது.

அப்படியானால் புதிய லீகில் இடம் பிடிப்பது எப்படி? ஆடி ஜெயித்தா? இல்லை. இரண்டு முறை ஐ லீக் வென்ற பெங்களூரு எப்.சி. 2017ல் அங்கே போனது, ஏலம் கேட்டு உரிமைக் கட்டணம் கட்டித்தான். ஆண்டுக்குச் சுமார் 15 கோடி ரூபாய் என்று அப்போது செய்திகள் கூறின. 2018-19ல் கோயம்புத்தூரைத் தாய் மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எப்.சி. ஐ லீக் பட்டத்தை வென்றது. நம்மவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் பட்டம் வென்றவனை மேலே ஏற்றும் விதியே அன்று கிடையாது. அந்த விதி 2022-23 பருவத்தில்தான் வந்தது. கல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் 2020ல் பெரும் கம்பெனிகளின் கை பிடித்தே உள்ளே நுழைந்தன. மோகன் பகானின் பெயருடன் இப்போது ஒட்டியிருக்கும் ‘சூப்பர் ஜயண்ட்’ என்பது புனே வாசிகளுக்குப் புதியதல்ல. 2016, 2017 ஐ.பி.எல். போட்டிகளில் கஹுஞ்சே மைதானத்தில் ஆடிய அணியின் பெயர்தான் அது, முதலாளியும் அவரே!

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியன்று. அமெரிக்காவில் பல்கலைக்கழக அணிகளே இப்படி லீக் மாறுகின்றன. பாசிபிக் கடற்கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள், 2024ல் ‘பிக் டென்’ என்ற கூட்டமைப்புக்குத் தாவின. காரணம் டெலிவிஷன் ஒப்பந்தப் பங்கு. இதனால் அந்த மாணவர்கள் ஓர் ஆட்டத்துக்காக நியூஜெர்சி வரை பறக்க வேண்டியிருக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகமோ அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்துவிட்டது! நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் இந்தத் தாவல் இல்லை. புனே பல்கலைக்கழகம் மேற்கு மண்டலம் என்றால் மேற்கு மண்டலம்தான். விற்பதற்கு அங்கே டெலிவிஷன் உரிமை ஏதுமில்லை என்பதே உண்மைக் காரணம் என்று நினைக்கிறேன்.

முதலாளிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நஷ்டத்தில் எத்தனை ஆண்டு நடத்துவார்கள்? ஆனால் கிளப் மூடும்போது பயிற்சியாளர், மைதான ஊழியர், அகாடமிப் பையன்கள் கதி என்ன என்பது ஒப்பந்தத்தில் எங்கும் எழுதப்படுவதில்லை. புனே எப்.சி. மூடியபின் அதன் அகாடமியைப் புனே சிட்டி வாங்கியது. அந்தப் புனே சிட்டியும் 2017-18ல் அரையிறுதி வரை வந்துவிட்டு, அடுத்த ஆண்டே பண நெருக்கடியில் சிக்கியது.

2019ல் அதன் இடம் ஹைதராபாத்துக்குப் போயிற்று. ஆட்டக்காரர்கள் பலரும் உடன் போனார்கள். 2021-22ல் ஹைதராபாத் கோப்பையே வென்றது. ஆயினும் 2025ல் அந்தக் கிளப்பும் தில்லிக்கு மாற்றப்பட்டுவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் முடிந்தது. அதற்கு முந்தைய மாதம் லீகை நடத்தும் உரிமைக்குச் சம்மேளனம் டெண்டர் கோரியபோது, விலை கேட்டு ஒருவர்கூட வரவில்லை.